பேக்கேஜில் இல்லாத பரிசோதனை

சில வாரங்களாக இந்தப் பத்தியில் சுரத்தே இல்லை என்று இரண்டு மூன்று பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். உண்மைதான். கை எழுதிக்கொண்டிருந்தது, மனசு வேறு எங்கோ இருந்தது. காரணத்தை அப்போது சொல்ல முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் போன் செய்து, "இப்ப எழுதுங்க அண்ணி. பேரை மட்டும் மாத்திடுங்க" என்றாள்.

மாற்றிவிட்டேன். இந்தப் பத்தியில் அவள் பெயர் ஸ்டெல்லா.

ஸ்டெல்லா என் கணவர் ஜெயராஜின் தங்கை. அண்ணனும் தங்கையும் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். சுரங்கம் மூடிய பிறகு பலரையும் போல பெங்களூருக்கு வந்து சேர்ந்தார்கள். நாங்கள் லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம், ஸ்டெல்லா ஈஜிபுராவில். அவள் கணவர் பிரபு அத்திபெலேயில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். ஒரே மகள் சுஜி, பி.யு.சி. இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ. ஸ்டெல்லாவுக்கு நாற்பத்து நான்கு வயது. கோரமங்களாவில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை.

அந்த ஆபீஸ் இந்த மகளிர் தினத்துக்குப் பெண் ஊழியர்களுக்கு ஒரு பரிசு கொடுத்தது. ரோஜாப்பூ இல்லை, சாக்லேட் இல்லை. இலவச ஹெல்த் செக்கப்.

பேக்கேஜின் பெயர் 'பெண்கள் ஸ்பெஷல்'. ரத்தத்தில் எதையெல்லாம் பார்க்க முடியுமோ, அத்தனையும் அதில் இருந்தது. வைட்டமின், தைராய்டு, கொலஸ்ட்ரால், அப்புறம் 'உங்கள் இதயத்தின் வயது' என்று ஒன்று. கடைசியில், ரத்தத்தில் கேன்சரின் அடையாளத்தைத் தேடும் 'கேன்சர் மார்க்கர்' என்றும் ஒன்று. லேப் ஆட்கள் ஆபீஸ் மீட்டிங் ரூமுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு, கையில் ஒரு வாழைப்பழத்தையும் ஜூஸ் பாக்கெட்டையும் கொடுத்து அனுப்பினார்கள்.

சும்மா கிடைக்கிறதே... யார் வேண்டாம் என்பார்கள்?

அந்த வாரக் கடைசியில் ரிப்போர்ட் போனுக்கு வந்தது. பக்கம் பக்கமாகக் கறுப்பு எழுத்து. நடுவில் ஒரே ஒரு எண் மட்டும் சிவப்பில். சி.ஏ. 125 என்று பெயர். அது என்ன என்று ஸ்டெல்லா பார்ப்பதற்குள் லேபிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டுவிட்டாள்.

"மேடம், ரிப்போர்ட் பாத்தீங்களா? ஓவரி கேன்சர் மார்க்கர் நார்மலைவிட அதிகமா காட்டுது. பயப்படாதீங்க. எங்க பார்ட்னர் ஹாஸ்பிடல்ல நாளைக்கே ஸ்லாட் இருக்கு."

பயப்படாதீங்க என்று ஒருவர் சொல்லி, அதைக் கேட்டுப் பயப்படாதவர் யாராவது இருக்கிறார்களா?

அன்று மதியம் ஆபீசில் அரை நாள் லீவ் போட்டுவிட்டு ஸ்டெல்லா நேராக என் வீட்டுக்கு வந்தாள். சிவாஜிநகர் வந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். எந்த பஸ் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. சோபாவில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"பிரபுகிட்ட இன்னும் சொல்லல அண்ணி. சுஜிக்கு எக்ஸாம் நடந்துக்கினு இருக்கு, அவளாண்டயும் சொல்ல முடியாது. இன்னா பண்றதுன்னே தெரியல."

ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். பிறகு அவளே சொன்னாள்.

"வர்ற வழியில அரிசி வாங்கலாம்னு கடைக்குப் போனேன். எப்பவும் மூட்டையாத்தான் வாங்குவேன். கடைக்காரன் எவ்ளோன்னு கேட்டான். ஒரு கிலோ போதும்னு வாய்ல வந்துடுச்சு அண்ணி."

கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அந்த ஒரு கிலோ அரிசி.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன் என்றேன்.  

மறுநாள் நானும் அவளும் அந்தப் பார்ட்னர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய கட்டடம். லாபியில் பியானோ இசை. ஸ்கேன் எடுத்தார்கள். இடது சினைப்பையில் சின்னதாக ஒரு நீர்க்கட்டி இருக்கிறது என்றார்கள். அங்கிருந்து சர்ஜன் அறைக்கு. நல்ல மனிதர்தான், சிரித்த முகம். ரிப்போர்ட்டையும் ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கட்டியும் இருக்கு, மார்க்கரும் ஏறியிருக்கு. வயசு நாற்பத்து நாலு, ஃபேமிலி கம்ப்ளீட். ரெண்டு ஓவரியையும் எடுத்துட்டா டென்ஷனே இல்ல. லேப்பராஸ்கோப்பிதான், சின்னச் சின்ன துளை. அடுத்த வாரமே பண்ணிடலாம்."

"எடுத்த பிறகு கேன்சர் இல்லைன்னு தெரிஞ்சா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"நல்லதுதானே மேடம்? நிம்மதியா இருக்கலாம்."

நிம்மதிதான். ஆனால் அதற்கு உடம்பிலிருந்து இரண்டு உறுப்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டுமா?  ஸ்டெல்லா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அவளிடம் ஒரு காலை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பாள்.

அடுத்த வாரத்துக்குத் தேதி குறித்துக் கொடுத்தார்கள். இனி பிரபுவிடம் மறைக்க முடியாது. சொல்லிவிட்டாள்.

நான் வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். என் தொழில் புத்தி அது. யார் எதைச் சொன்னாலும், யார் சொன்னது, எங்கே சொன்னது என்று தேடுவது. தேடினேன்.

அந்த லேபின் வெப்சைட்டில் 'வழிகாட்டுதல்' என்ற தலைப்பில் ஒரு பக்கம் இருந்தது. முப்பது தாண்டிய ஒவ்வொரு பெண்ணும் வருடா வருடம் சி.ஏ. 125 பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அழகான எழுத்தில் போட்டிருந்தார்கள். யார் எழுதியது? பெயர் இல்லை. எந்த ஆராய்ச்சியை வைத்து எழுதியது? இல்லை. கீழே 'இப்போதே புக் செய்யுங்கள்' என்று ஒரு பட்டன் மட்டும் இருந்தது.

இன்னும் தேடினால், வெளிநாட்டு நிபுணர் குழுக்கள் எழுதிய நீளமான வழிகாட்டுதல்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத, குடும்பத்திலும் இந்த நோய் இல்லாத பெண்களுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள் என்று அவை சொல்லின. வேண்டுமானால் செய்யலாம் என்றுகூட இல்லை. செய்யாதீர்கள்.

ஒரே விஷயம். ஒருவர் வருடா வருடம் செய் என்கிறார். இன்னொருவர் செய்யவே செய்யாதே என்கிறார். இரண்டுக்கும் பெயர் வழிகாட்டுதல். எந்த வழியில் போவது?

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜெயராஜ், "டெஸ்ட் விக்கிறவன்கிட்டயே டெஸ்ட் வேணுமான்னு கேட்டா வேணாம்னா சொல்வான்?" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. தங்கை விஷயம். காலையிலிருந்து அவரும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

அன்று மாலை நாங்கள் இருவரும் ஈஜிபுரா போனோம். சுஜி டியூஷனுக்குப் போயிருந்தாள். வேறு ஒரு டாக்டரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நான் ஆரம்பித்தேன். பிரபு என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர். அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, இன்டர்நெட்ல ஆயிரம் இருக்கும். டாக்டர் எடுக்கணும்னு சொல்லிட்டார். எடுத்துடலாம். எனக்கு இவ இருந்தா போதும்."

"தேவையே இல்லாம எடுத்துட்டா பிரபு?"

"தேவை இருந்து எடுக்காம விட்டுட்டா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? உங்களுக்கு இது ஒரு விஷயம் அக்கா, எழுதிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுவீங்க. எனக்கு இது வீடு."

சுருக்கென்றது. ஆனால் கேள்வி நியாயமானதுதானே? யார் பதில் சொல்வது? ஒரு குழு கூடி ஒரு வழிகாட்டுதலை எழுதிவிடலாம். அதை நம்பி நடந்த ஒரு வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால், அந்தக் குழுவில் யாராவது ஈஜிபுராவுக்கு வந்து கதவைத் தட்டுவார்களா?

ஸ்டெல்லா குறுக்கே பேசினாள். அந்த இரண்டு நாளில் அவள் சத்தமாகப் பேசியது அப்போதுதான்.

"என் வயித்தைப் பத்தி நீங்களே பேசிக்கினு இருக்கீங்க. நான் இங்கதான் உக்காந்துக்கினு இருக்கேன்."

பிரபுவும் நானும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

"இன்னொரு டாக்டரைப் பாக்குறேன். அவங்களும் எடுக்கணும்னு சொன்னா எடுத்துக்கறேன். அதுக்கப்புறம் அண்ணி நீங்க பேசக் கூடாது. வேணாம்னு சொன்னா, பிரபு நீ பேசக் கூடாது."

பிரபு தலையை ஆட்டினார். நானும்.

என் தோழி ஒருத்தி சொல்லி, சிவாஜிநகர் பக்கம் ஒரு பழைய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷைலஜா என்பவரைப் போய்ப் பார்த்தோம். கன்னடக்காரர். வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் தமிழ் கற்றுக்கொண்டவர். நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும். சுவரில் சுண்ணாம்பு உரிந்த அறை, மேலே சத்தம் போடும் ஃபேன். ஸ்டெல்லா பிரின்ட் எடுத்து வந்த ரிப்போர்ட்டை நீட்டினாள். டாக்டர் வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"இது அப்புறம். முதல்ல நீங்க சொல்லுங்கம்மா. வயிறு உப்பசம் இருக்கா? கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு ரொம்பிப் போகுதா? அடிவயிறு வலி? எடை குறைஞ்சிருக்கா?"

எதுவும் இல்லை.

"அம்மா, அக்கா, சித்தி... யாருக்காவது மார்புலயோ ஓவரிலயோ கேன்சர் வந்திருக்கா?"

இல்லை.

"ரத்தம் எடுத்த அன்னிக்கு பீரியட்ஸ்ல இருந்தீங்களா?"

ஸ்டெல்லா யோசித்தாள். "ஆமா டாக்டர். பாத்ரூம் போய்ட்டு வந்துதான் கையை நீட்டினேன். ஆனா யாரும் அதைக் கேக்கலியே."

டாக்டர் அப்போதுதான் ரிப்போர்ட்டைத் திருப்பினார். ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நோடம்மா, பாருங்க, பீரியட்ஸ் சமயத்துல இந்த நம்பர் ஏறும். கர்ப்பப்பைல சாதாரணக் கட்டி இருந்தாலும் ஏறும். வேற பத்து காரணத்துக்கும் ஏறும். கேன்சர்னு தெரிஞ்சவங்களுக்கு ட்ரீட்மென்ட் கேக்குதான்னு பாக்க இது நல்ல டெஸ்ட். நல்லா இருக்கிறவங்களுக்கு கேன்சர் இருக்கான்னு தேடறதுக்கு இது ஆகாது. இந்த நீர்க்கட்டியும் சாதாரணக் கட்டி மாதிரிதான் தெரியுது. இந்த வயசுல வரும், தானா போகும்."

"அப்ப ஏன் டாக்டர் பேக்கேஜ்ல வெக்கறாங்க?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

டாக்டர் சிரித்தார். 

பெரிய அளவில் ஆராய்ச்சி செய்து பார்த்துவிட்டார்கள் என்று விளக்கினார். எந்தத் தொந்தரவும் இல்லாத ஏராளமான பெண்களுக்கு வருடா வருடம் இதைச் செய்து, செய்யாதவர்களோடு ஒப்பிட்டார்கள். அந்த நோயால் ஏற்படும் சாவு குறையவில்லை. ஆனால் கேன்சரே இல்லாமல் ஆபரேஷன் மேஜை வரை போனவர்கள் உண்டு. அதைப் பார்த்த பிறகுதான் செய்யாதீர்கள் என்று எழுதினார்கள்.

"நாற்பத்து நாலு வயசுல ரெண்டு ஓவரியையும் எடுத்தா, மறுநாளே மெனோபாஸ். எலும்பு, இதயம், தூக்கம்... எல்லாத்துக்கும் கஷ்டம். தேவைன்னா எடுக்கத்தான் வேணும், நானே எடுப்பேன். ஆனா தேவையான்னு முதல்ல பாக்கணும், அல்வா, இல்லையா?"

பிரபு கேட்டது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன்.

"டாக்டர், இந்த கைட்லைன்களை எப்படி நம்பறது? மார்புக்கு மேமோகிராம் எடுக்கணும்னு ஒரு குழு நாற்பது வயசுங்குது, இன்னொண்ணு ஐம்பதுங்குது. அதுலயும் அப்பப்ப மாத்திக்கிறாங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், இருந்தாலும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பேசினார்.

"மாத்தறது நல்லதும்மா. புதுசா தெரிய வந்தா மாத்தணும். மாத்தவே மாத்தாததைப் பாத்தாத்தான் எனக்குப் பயம். யார் எழுதினாங்க, அதுல அவங்களுக்கு லாபம் உண்டான்னு பாருங்க. நல்லது மட்டும் சொல்லி, இதனால கெடுதலும் வரலாம்னு சொல்லலைன்னா கீழே வெச்சிடுங்க. எங்களுக்கு இது தெரியலைன்னு ஒரு இடத்துலயாவது ஒத்துக்கிட்டிருந்தா, அதை கொஞ்சம் நம்பலாம்."

"நாற்பதா, ஐம்பதா?"

"ஆராய்ச்சி ஒண்ணுதான். சீக்கிரம் ஆரம்பிச்சா சில பேரைக் காப்பாத்தலாம், ஆனா வீணா பயப்படறவங்களும் ஜாஸ்தி ஆவாங்க. எதுக்கு எவ்வளவு வெயிட் குடுக்கறாங்கங்கிறதுல வித்தியாசம். அந்த மாதிரி ஆளுக்கு ஒண்ணு சொல்ற இடத்துல, டாக்டர்கிட்ட உக்காந்து பேசி முடிவு பண்ணணும். எல்லாரும் ஒண்ணா சொல்ற இடத்துல அவ்வளவு யோசிக்க வேண்டாம்."

அப்புறம் தானாகவே ஒன்று சேர்த்துக்கொண்டார். "இன்னொண்ணும் சொல்லணும். இந்த ஆராய்ச்சில பாதிக்கு மேல நம்ம ஊர்ல பண்ணதில்ல. அது மேப் மாதிரி. மேப் சரியாத்தான் இருக்கும். ஆனா நம்ம பெங்களூர் ரோட்ல நேத்து குழி தோண்டியிருப்பாங்க. ஓட்டறவங்க கண்ணைத் திறந்துதான் ஓட்டணும்."

அத்தனை கவலையிலும் ஸ்டெல்லா சிரித்துவிட்டாள்.

நம்பரை ஒருமுறை பார்த்துவிட்டோம், இனி பார்க்காத மாதிரி இருக்க முடியாது என்றார் டாக்டர். இரண்டு மாதம் கழித்து, பீரியட்ஸ் இல்லாத சமயத்தில், ரத்தமும் ஸ்கேனும் மறுபடி பார்க்கலாம். நடுவில் வலியோ உப்பசமோ வந்தால் உடனே வர வேண்டும். அதுவரை ஆபரேஷன் வேண்டாம்.

நாங்கள் எழுந்திருக்கப் போகும்போது, அவர் பேக்கேஜ் விவரம் இருந்த பக்கத்தைக் கையில் எடுத்துப் புரட்டினார். மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"இவ்வளவு பாத்திருக்காங்க. கர்ப்பப்பை வாய் பரிசோதனை எங்கே?"

இல்லை. வைட்டமின் இருந்தது. இதயத்தின் வயது இருந்தது. அது இல்லை.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர். யாரும் சொன்னதில்ல."

"முப்பது வயசுக்கு மேல பண்ணணும்னு உலகம் பூரா எழுதி வெச்சிருக்கு. நம்ம நாட்டு கைட்லைன்லயும் இருக்கு. எல்லாரும் ஒண்ணா சொல்றதுன்னு சொன்னேனே... அதுல இது ஒண்ணு. அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கோங்கம்மா, இப்பவே எடுத்துடலாம்."

டவுன் பஸ் டிக்கெட் எடுக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம். ஒரு சின்ன பிரஷ்ஷால் சாம்பிள் எடுத்தார்கள். முடிந்தது.

வீட்டுக்கு வந்து ஆபரேஷன் தேதியை ரத்து செய்ய ஸ்டெல்லாவே போன் செய்தாள். "நீங்க ரிஸ்க் எடுக்கறீங்க மேடம்" என்று அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்களாம்.  பிரபு கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். ஒன்றும் பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை.

சில நாட்கள் கழித்து அந்தப் புது ரிசல்ட் வந்தது.

எச்.பி.வி. என்ற கிருமி இருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான கிருமி அது. உடனே வந்து பார்க்கச் சொன்னார்கள்.

போனில் ஸ்டெல்லா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அண்ணி, அது பொய்னா இது நெஜமா?" என்று மட்டும் கேட்டாள்.  என் பேச்சைக் கேட்டுத்தான் இந்த டாக்டரிடமே வந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று அன்று முழுவதும் நினைத்தேன்.

டாக்டர் ஷைலஜா ஒரு கருவி வழியாக உள்ளே பார்த்தார். ஓர் இடத்தில் தோல் மாறியிருந்தது. அரிசி மணி அளவுக்குச் சதை எடுத்து அனுப்பினார். அது வருகிற வரைக்கும் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதை நான் எழுதப் போவதில்லை. உங்களில் பல பேருக்கு அது தெரிந்திருக்கும்.

வந்தது. கேன்சர் இல்லை.

"இது கேன்சர் இல்லம்மா" என்று டாக்டர் பிரபுவையும் பார்த்து மெதுவாகச் சொன்னார். இந்த முறை அவரும் லீவ் போட்டு வந்திருந்தார். "இது அதுக்கு முந்தின மாறுதல். விட்டிருந்தா, பல வருஷம் கழிச்சு கேன்சர் ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருந்திருக்கலாம். அதை ஏன் விட்டுப் பாக்கணும்? இப்பவே சரி பண்ணிடலாம்."

"ஆபரேஷனா டாக்டர்?" என்றார் பிரபு.

"ஆபரேஷன் எல்லாம் வேண்டாம். அந்த இடத்துக்கு மட்டும் சூடு குடுப்போம். கொஞ்ச நேரம்தான்."

அவ்வளவேதான். மயக்க மருந்து கிடையாது. பீரியட்ஸ் வலி மாதிரி கொஞ்சம் வலித்தது என்றாள் ஸ்டெல்லா. பிறகு கேன்டீனில் உட்கார்ந்து மூன்று பேரும் காபி குடித்தோம். ஒரு இட்லி வேண்டும் என்றாள். சாப்பிட்டு முடித்து இன்னொன்று கேட்டாள். பிரபு எழுந்து போய் வாங்கி வந்து வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்தியா பேசிட்டேன் அக்கா."

"நீங்க கேட்டது சரியான கேள்விதான் பிரபு. எனக்குத்தான் இன்னும் பதில் தெரியல."

மனசாரத்தான் சொன்னேன். ஸ்டெல்லா விஷயத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதை வைத்துக்கொண்டு, வழிகாட்டுதல் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்று நான் எழுதினால் அது பொய். எவ்வளவு நல்ல வழிகாட்டுதலும் எல்லோருக்கும் பொதுவாக எழுதியது. உங்களை மட்டும் நினைத்து யாரும் எழுதவில்லை. உடம்பில் தொந்தரவு இருந்தால் கதையே வேறு. அப்போது இந்தப் பத்தியை மடித்து வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

ஆனால் ஒன்று. பயத்தை விற்கிறவர் எழுதியதும், பயத்தை எடைபோட்டுப் பார்த்தவர் எழுதியதும் ஒரே பெயரில் நம் போனுக்குள் வந்து விழுகின்றன. தேவையில்லாத பரிசோதனை ஒன்று ஸ்டெல்லாவை ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை கொண்டுபோனது. தேவையான பரிசோதனையைப் பற்றி நாற்பத்து நான்கு வயது வரை அவளிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. படித்தவள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் நாளெல்லாம் மெடிக்கல் பில்களைப் பார்க்கிறவள். அவள் நிலைமையே இது என்றால் மற்றவர்கள்?

அவள் சும்மா இருக்கவில்லை. ஆபீசில் எச்.ஆர். பையனிடம் போய் அடுத்த வருடப் பேக்கேஜில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். அவன் கூச்சத்தில் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே, "மேடம், இதை எப்படி மெயில்ல எழுதறது?" என்று கேட்டானாம். இவளே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதன் பிறகு அவள் செக்‌ஷனில் இருக்கும் பெண்கள் பேக்கேஜுக்குக் காத்திருக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக டாக்டர் ஷைலஜாவிடம் போய் வந்துவிட்டார்கள். சுஜிக்குத் தடுப்பூசி போடுவது பற்றியும் பேசி முடிவு செய்தாயிற்று. எக்ஸாம் முடிந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். "இவ்வளவு நாள் மறைச்சீங்களா?" என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாளாம்.

போன வாரம் கடைசி விசிட். இரண்டு மாதக் கெடு முடிந்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் அந்த எண் நார்மலுக்கு இறங்கியிருந்தது. ஸ்கேனில் நீர்க்கட்டியைக் காணோம். டாக்டர் சொன்ன மாதிரி, வந்தது போலவே போய்விட்டது.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இனிமே எப்ப வரணும் டாக்டர்?"

"சூடு குடுத்த இடத்தைப் பாக்கறதுக்கு அடுத்த வருஷம் ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

"அதுக்கு நடுவுல சேஃப்டிக்கு வேற ஏதாவது டெஸ்ட்?"

"எதுவும் வேண்டாம். வீட்டுக்குப் போங்க."

மூன்று பேரும் வெளியே வந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பிரபு ஒரு ஓரமாக நின்று, ஜெயராஜுக்குப் போன் போட்டார். "மச்சான், டாக்டர் எதுவும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றார். அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடியும் சொன்னார். அப்புறமும் சொன்னார். சந்தோஷத்தில் அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

எதுவும் வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு டாக்டர் வேண்டியிருக்கிறது.